சும்மா கிடைத்தது

அங்கிள் ஒரு வீட்டுக்கும் வெறுங்கையோடு போகமாட்டார். எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டுக்கு வந்தால் கையில் ஒரு கட்டு கங்குன் கீரை இருக்கும். அல்லது முகத்துவாரத்தில் விடியக் காலையில் வாங்கிய இறால் இருக்கும். ஒன்றும் அகப்படாத நாளில் சட்டைப்பையில் ஒரு ஸ்குரூ டிரைவரைப் போட்டுக்கொண்டு வருவார். கதவடியில் நின்றபடியே, "மகள், வீட்ல ஏதாவது ஆடுதா, ஒழுகுதா?" என்று கேட்பார். ஒன்றும் ஆடவில்லை, ஒழுகவில்லை, உள்ளே வாருங்கள் என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும். அதனால் அவர் வருகிறார் என்று தெரிந்தால் என் கணவர் குசினி அலுமாரிக் கதவில் ஒரு ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பார். அதை இறுக்கிய பிறகுதான் அங்கிள் நிம்மதியாக உட்கார்ந்து தேநீர் குடிப்பார்.

அவர் எனக்குச் சொந்தக்காரர் அல்ல. பம்பலப்பிட்டியில் வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது, கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டு மேல் அறையில் நான்கு வருஷம் வாடகைக்கு இருந்தேன். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. நான் அவர்களை அங்கிள், அன்ரி என்று கூப்பிட்டேன். அவர் தன் மனைவியை 'டீச்சர்' என்று கூப்பிட்டார். கலியாணம் கட்டி முப்பது வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அன்ரி பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றே பல வருஷம். ஆனாலும் டீச்சர்தான், 'நீங்க'தான்.

அவர் முகத்துவாரத்து மீன்பிடிக் குடும்பம். துறைமுகத்து வேலைத்தலத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்ததிலிருந்து கத்தோலிக்கர். அன்ரியின் ஆட்கள் மூன்று தலைமுறையாக யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்தர்கள். தாத்தா போதகர், தகப்பன் கல்லூரி அதிபர். "எங்கட வீட்டில பியானோ இருந்தது. அவையின்ட வீட்டில வலை இருந்தது," என்று அன்ரி ஒரு தடவை சொன்னார். அவரைக் கட்டியதால் அன்ரியின் வீட்டார் ஒன்பது வருஷம் கடிதம்கூடப் போடவில்லையாம். அதையும் அதே குரலில்தான், கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். கலியாணம் அங்கிளின் கத்தோலிக்கக் கோவிலில் நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேருமே மதம் விட்டு மதம் மாறவில்லை. அவர் பூசைக்குப் போனார், அவர் மனைவி சேர்ச்சுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிள் ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டு வந்து, ஸ்கூட்டரைத் துடைத்து, அன்ரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தையில் இருக்கும் அவருடைய சேர்ச்சுக்குப் போவார். அன்ரி உள்ளே போவார். அங்கிள் வெளியே மதிலோரம் வேப்பமர நிழலில் நிற்பார். ஒன்றரை மணி நேரம். ஜன்னல்கள் திறந்திருக்கும், பிரசங்கம் ஒரு சொல் விடாமல் கேட்கும். இத்தனை வருஷப் பிரசங்கத்தையும் அவர் நின்றே கேட்டிருக்கிறார். ஏன் உள்ளே போவதில்லை என்று நான் கேட்டபோது, "ஸ்கூட்டர யாராவது தூக்கிட்டா?" என்றார். அந்த ஸ்கூட்டரை ஒரு கள்ளனும் தொடமாட்டான். உள்ளே அன்ரியின் ஆட்கள் இருந்தார்கள். அதுதான் காரணம் என்று எனக்கு விளங்கப் பல மாதமாயிற்று.

திரும்பி வந்து மதியச் சாப்பாட்டில் சண்டை தொடங்கும். வேறு வீடுகளில் காணிக்கும் பூனைக்கும் சண்டை வரும். இங்கே ஒரு மனிதன் கடவுளிடம் எப்படிப் போய்ச் சேர்வது என்பதற்கு. நான் சைவக்காரி, எனக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. முதல் வருஷம் வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே ஆண்டவரைத்தானே கும்பிடுறியள், அன்ரி. பிறகு என்ன சண்டை?"

அன்ரி கரண்டியைக் கீழே வைத்தார். வகுப்பு எடுக்கும் குரல் வந்தது.

"கடவுளுக்கு முன்னால மனுஷன் எப்பிடிச் சரியான ஆளாகிறான் எண்டதுதான் பிள்ளை சண்டை. நாங்கள் சொல்லுறம், விசுவாசத்தால மட்டும். நீ செய்த நன்மை ஒண்டும் அதில சேராது. இப்ப ஒருத்தன் நீதவானுக்கு முன்னால நிக்கிறான். குற்றம் செய்தது உண்மை. ஆனா அவன்ட தண்டனையை வேற ஒராள் அனுபவிச்சு முடிச்சிட்டார். நீதவான் இவனைப் பார்த்து, நீ நீதிமான், வீட்டை போ எண்டு சொல்லுறார். அவன் செய்ய வேண்டியது அதை நம்பி வீட்டை போறது. அவ்வளவுதான்."

"நல்லா இருக்குல்ல மகள்?" என்றார் அங்கிள். உண்மையாகவே ஆசைப்பட்ட மாதிரித்தான் சொன்னார். "ஆனா எங்களுக்கு அவர் நீதவான் மட்டுமில்ல, டாக்டரும்தான். நோயாளியப் பாத்து 'நீ சுகம், போ'ன்னு சொன்னா போதுமா? சுகமாக்கணும் தானே? மருந்து இனாம். அத நான் இல்லன்னு சொல்லல்ல. மொதல் அடி அவரோடதுதான். ஆனா வாயத் தொறந்து முழுங்கிறது யாரு? எந்திரிச்சு நடந்து பழகிறது யாரு? நான் தானே."

"முழுங்கினதுக்குச் சம்பளம் கேக்கிறியளோ?" என்றார் அன்ரி.

"சம்பளம் கேக்கல்ல டீச்சர். இனாமா வாங்கிட்டு சும்மா படுத்துக் கெடந்தா, குடுத்தவருக்கு என்னா நெனப்பு வரும்? அதுக்குத்தான்."

இரண்டு பேரிடமும் இரண்டு வேதாகமங்கள் இருந்தன. அன்ரியினுடையது பழைய தமிழ், கறுப்பு அட்டை. அதில் கடவுள் ஒருவனை 'நீதிமான்' ஆக்குவார். அங்கிளினுடையது புதிய மொழிபெயர்ப்பு. அதே இடத்தில் அது 'ஏற்புடையவர்' என்று சொல்லும். அங்கிளுக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். "ஏத்துக்கிறதுக்குத் தகுதியான ஆள்னு அர்த்தம், மகள்," என்பார். "தகுதி எண்டு அதில எங்க கிடக்கு?" என்று அன்ரி சீறுவார். "ஏற்றுக்கொண்டாச்சு எண்டுதான் அர்த்தம். நீங்கள் உங்கட தகுதியை அதுக்குள்ள செருகாதேங்கோ." ஒரு சொல்லுக்காகப் பருப்புக் கறி ஆறிப்போன நாட்கள் உண்டு.

இறந்தவர்களுக்காக அங்கிள் தினமும் செபமாலை சொல்வார். அதுவும் அன்ரிக்கு ஆகாது. "செத்தாப் பிறகு நீங்கள் என்ன செய்யக் கிடக்கு?" என்பார். "கொஞ்ச நாள் உத்தரிக்கிற ஸ்தலத்தில இருந்து கழுவிட்டுத்தான் மேல போகணும் டீச்சர். நேரா போனா அங்க விரிச்சிருக்கிற பாய அழுக்காக்கிடுவோம்," என்பது அங்கிளின் பதில். மாதம் ஒரு சனிக்கிழமை ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவார். "என்ன பாவம் செய்தனீங்கள்? ஆரின்டையாவது பைப்பைத் திருத்த மறந்து போனியளோ?" என்று அன்ரி வாசலிலிருந்து கேட்பார். அங்கிள் சிரித்துக்கொண்டு போவார். ஆனால் போவார்.

ஜனவரியில் எல்லாச் சபைகளும் சேர்ந்து செபிக்கும் வாரம் ஒன்று வரும். ஒரு வருஷம் அது எங்கள் பகுதிக் கத்தோலிக்கப் பங்கு மண்டபத்தில் நடந்தது. அங்கிளின் பங்குத்தந்தையும் அன்ரியின் போதகரும் ஒரே மேடையில் பேசினார்கள். நானும் போயிருந்தேன். அங்கிள் பின்வரிசைக்கும் பின்னால், தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். அன்றைக்கு எடுத்துக்கொண்டது அங்கிள், அன்ரியின் ஞாயிற்றுக்கிழமைச் சண்டையையேதான். இரண்டு சபைகளிலும் பெரியவர்கள் பல வருஷம் இருந்து கதைத்து, முக்கியமான இடத்தில் ஒத்துப்போய்விட்டார்களாம். மீட்பு கடவுள் இலவசமாகத் தருவது, ஒருவரும் சம்பாதித்து எடுக்க முடியாது, நற்செயல்கள் அதன் பிறகு மரத்தில் பழம் போல வருபவை என்று போதகர் சொன்னார். பங்குத்தந்தை தலையாட்டி, ஆமாம், இதை நாங்களும் சொல்கிறோம், இன்னும் பேசித் தீராத வித்தியாசங்கள் இருக்கின்றன, ஆனால் ஒருவரை ஒருவர் பழித்த காலம் முடிந்துவிட்டது என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அங்கிள் ஒழுங்கை முனையில் நின்றார்.

"டீச்சர், அப்ப நாங்க இத்தன வருஷம் எதுக்குச் சண்ட புடிச்சோம்?"

"எனக்குப் பிடிச்சிருந்தது," என்றார் அன்ரி.

நான் சிரித்தேன். அங்கிளும் சிரித்தார். ஆனால் கேற்றைத் திறக்கும்போது தனக்குள் சொல்வது போல, "சும்மான்னு ஃபாதரே சொல்லிட்டாரு," என்றார். அதில் சந்தோஷத்தைவிடக் கலக்கம்தான் கூடுதலாக இருந்தது. அடுத்த நாள் காலை ஒருவரும் கேட்காமலே பக்கத்து வீட்டு மின்விசிறியைக் கழற்றித் துப்புரவாக்கினார். அடுத்த ஞாயிறு சண்டை வழக்கம் போலத் தொடங்கிற்று.

அந்தக் கலக்கம் என்னவென்று நான் தெரிந்துகொண்டது காஸ் வரிசையில். நாட்டில் காஸ், பெற்றோல், பால்மா ஒன்றும் இல்லாமல் போன வருஷம் அது. அங்கிள் விடியவே சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்பார். அலுவலகத்துக்குப் போக பஸ் இல்லாததால் நான் பாதி நாள் வீட்டில்தான். மதியம் அவருக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை அவர் இடத்தில் நிற்பேன். வெயில் உச்சியில் அடித்தது. அவர் சிலிண்டர் மேல் பத்திரிகையை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

"ஏன் அங்கிள் இவ்வளவு கஷ்டப்படுறியள்? விறகு கிடக்குத்தானே. அன்ரியே பரவாயில்லை எண்டு சொன்னவ."

அவர் பார்சலைப் பார்த்தபடி சொன்னார். "டீச்சர் வீட்ல அவங்களுக்கு எஞ்சினியர் மாப்பிள்ள பாத்து வச்சிருந்தாங்க, மகள். எல்லாத்தையும் விட்டுட்டு என்கிட்ட வந்தாங்க. ஏன்னு எனக்கு இன்னும் தெரியாது. ஒரு நாள் காலைல எந்திரிச்சு, நான் இந்த ஆள எதுக்குக் கட்டினேன்னு அவங்க யோசிச்சுப் பாத்தா? அன்னைக்கு என் கையில ஏதாவது இருக்கணும் தானே?"

"அன்ரி அப்பிடி யோசிக்கிற ஆள் இல்லை," என்றேன். "இல்லதான்," என்று உடனே ஒத்துக்கொண்டார். கையைக் கழுவிவிட்டு வந்து மீண்டும் வரிசையில் நின்றார். அன்று பின்னேரம் சிலிண்டர் கிடைத்தது. வீட்டுக்கு வரும் வழியில், கைக்குழந்தையோடு இருந்த எதிர்வீட்டுச் சிங்களப் பெண்ணிடம் அதைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து, அன்ரிக்கு முன்னால் குற்றவாளி போல நின்றார். அன்ரி பின்பக்கத்தில் விறகு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லதுதான் செய்திருக்கிறியள்," என்றார். அங்கிளுக்கு அது போதவில்லை. அடுத்த நாள் அந்தப் பெண்ணின் வெறும் சிலிண்டரை வாங்கிக்கொண்டு மறுபடி வரிசைக்குப் போனார்.

அடுத்த வருஷம் எனக்குக் கலியாணமாகி வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். அங்கிள் கீரைக்கட்டோடும் ஸ்குரூ டிரைவரோடும் வந்தது இந்தக் காலத்தில்தான். அது ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை.

ஒரு நாள் காலை ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது துணி கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பாரிசவாதம். மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சும் திரும்பிவிட்டது. வலது கையும் வலது காலும்தான் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் படுக்கையில் கிடந்ததைக் கூடப் பார்க்கலாம். அவர் மன்னிப்புக் கேட்பதைக் கேட்க முடியவில்லை. அன்ரி ஒரு வாய் கஞ்சி ஊட்டினால், "மன்னிச்சுக்கங்க டீச்சர்." தலையணையைத் திருப்பி வைத்தால், "மன்னிச்சுக்கங்க." அன்ரி குளிக்கப் போன நேரத்தில் உலர்ந்த துணிகளை இடது கையாலும் பல்லாலும் பிடித்து மடிக்கப் பார்ப்பார். ஒரு நாள் அன்ரி எழும்புவதற்கு முன் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போய்க் குசினியில் விழுந்தார். நெற்றியில் மூன்று தையல். "இந்த மனுஷனை எப்பிடித் தடுக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை, பிள்ளை," என்று அன்ரி தொலைபேசியில் சொன்னார். அன்ரி குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

ஒரு சனிக்கிழமை நான் போனபோது அன்ரி மருந்துக் கடைக்குப் போயிருந்தார். அங்கிள் என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மகள், எனக்கு டைப் பண்ண ஏலாது. நான் சொல்றத டீச்சரோட அக்காவுக்கு அனுப்பிவிடு."

அன்ரியின் அக்கா கனடாவில் இருந்தார். பழைய கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்து, கிழமைக்கு ஒரு தடவை ஃபோன் எடுத்து, இங்கே வந்து என்னோடு இரு என்று அன்ரியைக் கூப்பிடுவார். அங்கிள் மெதுவாகச் சொல்லச் சொல்ல நான் அவருடைய ஃபோனில் எழுதினேன். 'அக்கா, டீச்சரை உங்களிடம் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சிஸ்டர்மார் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு இடம் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் இனி டீச்சருக்கு ஒன்றுக்கும் உதவாதவன். அவர் என்னோடு கிடந்து கஷ்டப்படுவது நியாயமில்லை. நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.'

கடைசி வரியை எழுதும்போது என் விரல் நின்றது. "அங்கிள், இது சரியில்லை," என்றேன்.

"நீ என் மகள் தானே? எனக்காக ஒண்ணு செய்," என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு உதவியும் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்கிறார், எப்படி மறுப்பது? அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதே அது தவறு என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் பின்னேரம் போனேன். அன்ரி வந்து கதவைத் திறந்தார்.

"வாரும்," என்றார்.

எப்போதும் "வா பிள்ளை" என்பவர். அந்த 'வாரும்' என்னைச் சுட்டது. அக்கா ஃபோன் எடுத்திருக்கிறார் என்று விளங்கிற்று. அன்ரி முன்னால் நடக்க நான் பின்னால் போனேன். அறைக்குள் அங்கிள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அன்ரி அவருடைய ஃபோனைக் கையில் எடுத்து, நான் எழுதியதை முதலிலிருந்து கடைசி வரை, மாணவன் எழுதிய கட்டுரையை வாசிப்பது போல உரத்து வாசித்தார். 'ஒன்றுக்கும் உதவாதவன்' என்ற இடத்தில் குரல் நின்றது. பிறகு தொடர்ந்தது.

"நீரோ எழுதிக் குடுத்தனீர்?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம் அன்ரி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"புள்ளய ஏசாதீங்க டீச்சர். நான்தான் சொன்னேன்," என்றார் அங்கிள்.

"நீங்கள் பேசாதேங்கோ!" அன்ரி சத்தம் போட்டார். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. "முப்பத்தெட்டு வருஷம். ஞாயிறுக்கு ஞாயிறு தொண்டை கிழியச் சொன்னன். சும்மா தாறது, சும்மா தாறது எண்டு. வெளியில நிண்டும் கேட்டனீங்கள், மேசையில இருந்தும் கேட்டனீங்கள். ஒரு சொல்லாவது உள்ளுக்குப் போகேல்லையோ?"

"அது கடவுளப் பத்தி டீச்சர்."

"நான் என்னைப் பற்றியும்தான் சொன்னனான்!"

அங்கிள் மெல்லத் தலையைத் திருப்பினார். அன்ரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, ஆனால் அவருக்குக் கேட்கும்படி சொல்லத் தொடங்கினார்.

"நான் இவரை எப்ப கண்டனான் தெரியுமோ? நான் படிப்பிச்ச பள்ளிக்கூடத்தில தண்ணிப் பம்ப் பழுதாப் போச்சு. துறைமுகத்து மெக்கானிக் ஒராள், கெட்டிக்காரன் எண்டு சொல்லி இவரைக் கூட்டிக்கொண்டு வந்தினம். மூண்டு நாள் வந்தார். பம்ப்பைத் துண்டு துண்டாக் கழற்றினார். திருப்பிப் பூட்டினார். ஒரு சொட்டுத் தண்ணி வரேல்லை. மூண்டாம் நாள் பின்னேரம் நான் போய்க் கேட்டன், என்ன நடந்தது எண்டு. இவர் எழும்பி நிண்டு, கையெல்லாம் கிறீஸ், 'டீச்சர், எனக்கு இது தெரியாது, மன்னிச்சுக்கங்க' எண்டு சொன்னார். தெரியாது எண்டு ஒரு ஆம்பிளை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம். எங்கட வீட்டில அப்பாவுக்கும் தெரியாதது இல்லை, அண்ணைமாருக்கும் தெரியாதது இல்லை. எனக்குப் பார்த்த எஞ்சினியருக்கும் எல்லாம் தெரியும்." அன்ரி இப்போது அவர் பக்கம் திரும்பினார். "அண்டைக்கே எனக்குப் பிடிச்சிட்டுது. நீங்கள் எனக்கு என்ன செய்து தந்திருந்தனீங்கள் அப்ப? ஒண்டும் இல்லை. இருந்த பம்ப்பையும் உடைச்சுப் போட்டுப் போனீங்கள்."

தெருவில் பாண் விற்கும் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அங்கிளின் இடது கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. அவர் துடைக்கவில்லை. அன்ரியும் துடைக்கவில்லை.

கடைசியில் அங்கிள் கேட்டார். "அப்புறம் வேற ஆள் வந்து செஞ்சானா, அந்தப் பம்ப்ப?"

"ஓம். அடுத்த கிழமை. அரை மணித்தியாலத்தில செய்து போட்டுப் போனான். அவனுக்கு நான் தேத்தண்ணிகூடக் குடுக்கேல்லை."

அங்கிள் சிரித்தார். நெற்றித் தையல் இழுத்ததில் முகம் சுளித்து, மறுபடி சிரித்தார். பிறகு அமைதியாகி, "அப்ப நான் செஞ்சதெல்லாம் வீணா டீச்சர்?" என்றார். குழந்தை கேட்பது போல இருந்தது.

"வீண் எண்டு ஆர் சொன்னது? ஒவ்வொண்டும் எனக்குப் பிடிச்சது. வெயிலுக்க நிண்டு நீங்கள் காஸ் எடுத்ததை நினைச்சு நான் அழுதிருக்கிறன். ஆனா அதுக்காக நான் இஞ்ச இருக்கேல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு அன்ரி சொன்னார். "உண்மையைச் சொல்லப் போனா, முப்பத்தெட்டு வருஷமும் நீங்கள் ஒரு துரும்பும் எடுத்துப் போடாமல் இருந்திருந்தா எனக்குக் கோவம் வந்திருக்கும்தான்."

"பாத்தீங்களா! அப்ப உங்க சேர்ச் தோத்துப் போச்சு."

"கொஞ்சம்," என்றார் அன்ரி. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் பிள்ளை நிண்டுகொண்டிருக்கிறாய்? இரு," என்றார்.

அங்கிள் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். இரண்டாவது பாரிசவாதத்தில், தூக்கத்திலேயே போனார். செத்தவீட்டுக்கு வந்த சனம் ஒழுங்கை முழுக்க நின்றது. ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. என் குழாய், என் கூரை, என் பிள்ளையின் சைக்கிள். எதிர்வீட்டுச் சிங்களப் பெண் ஓடித் திரியும் வயதுக்கு வந்துவிட்ட அந்தக் குழந்தையைக் கூட்டி வந்து காட்டினாள். அடக்கம் செய்த சேமக்காலையில் பங்குத்தந்தை செபித்த பிறகு, அன்ரியின் போதகரும் பக்கத்தில் நின்று ஒரு சின்ன ஜெபம் செய்தார். யாருடைய செபம் அவரை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று அன்ரி என்னிடம் பகடியாகக் கேட்டார். கேட்டுவிட்டு அழுதார். ஆனால் எனக்கு அவரை நினைத்தால் அந்த நாள் வருவதில்லை. வேறொரு நாள்தான் வருகிறது.

அந்தச் சத்தத்துக்கு இரண்டு மாதம் பிந்திய ஒரு மதியம் அது. நானும் என் கணவரும் சாப்பிடப் போயிருந்தோம். அங்கிளைச் சக்கர நாற்காலியில் மேசைக்குக் கொண்டு வந்து வைத்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து அன்றைக்கு அநேகமாக நின்றுபோயிருந்தது. அன்ரி மீன் குழம்பு வைத்திருந்தார். அன்ரி நல்லாசிரியர்தான், சமையல் மட்டும் அவருக்குக் கைவராது. நான் அங்கே இருந்த நான்கு வருஷமும் அது எனக்குத் தெரியும். வாய் திறந்து சொன்னதில்லை, ஏனென்றால் மீனோடு பிறந்து வளர்ந்த அங்கிளே ஒவ்வொரு நாளும் 'நல்லா இருக்கு டீச்சர்' என்று சொல்லித்தான் எழும்புவார்.

அன்று அங்கிள் இடது கையால் கரண்டியைப் பிடித்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"டீச்சர்."

"என்ன?"

"மீன் கொழம்புக்கு இவ்ளோ தேங்காப்பால் விடக்கூடாது. புளிப்புக்குக் கொறக்கா போடணும். கல்யாணம் கட்டின நாள்லேர்ந்து சொல்லணும்னு இருந்தேன்."

நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அன்ரி கறிச்சட்டியை ஏந்தியபடி அப்படியே நின்றார். முகத்தில் என்ன வருகிறது என்று தெரியவில்லை. பிறகு உடல் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். சட்டியை மேசையில் வைக்க வேண்டியிருந்தது. கதிரையை இழுத்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"வேற என்ன கிடக்குச் சொல்ல?"

"நெறைய கெடக்கு," என்றார் அங்கிள். "ஒண்ணொண்ணா சொல்றேன்."

சொல்லிவிட்டுத் தட்டை அன்ரி பக்கமாகத் தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க."